பிள்ளைகள் வீடு திரும்பினர், தொண்டர்கள் எங்கே?



பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் அரசு எழுப்பிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டைக்கு விடுமுறை நாள்களில் பேருந்துகள் வந்து நிற்கும். இறங்குவார்கள், சுற்றிப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டுவிட்டுப் புறப்படுவார்கள். கோட்டைக்கு அதனால் குறையொன்றுமில்லை. ஆனால் நம் சமுதாயத்தார் குழந்தைகள் இல்லங்களுக்கும் இவ்வாறே வந்து செல்கிறார்கள்; அதற்குச் 'சேவை' என்றும் பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். ரமளானில் இஃப்தார், பிள்ளையின் பிறந்தநாளில் பிரியாணி, திருமண நாளில் புத்தாடை. ஷவ்வால் பிறந்துவிட்டால் இல்லத்தின் வாசலில் ஆள் அரவம் இராது. இப்பக்கத்து இல்லம் ஒன்றில் வாரம் இருமுறை கணக்குச் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் இதைக் கண்டே எழுதுகிறேன்.

இவ்வழக்கம் எவ்வளவு உள்ளீடற்றது என்பதை 2020 காட்டிக்கொடுத்தது. பெருந்தொற்று தொடங்கியபோது நாடெங்கும் 2,27,518 குழந்தைகள் இல்லங்களில் இருந்தனர் என்றும், அவர்களுள் 1,45,788 பேர் குடும்பங்களிடம் அனுப்பப்பட்டுவிட்டனர் என்றும் அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இந்த எண்களைச் சற்று நின்று சிந்தியுங்கள். மூவரில் ஏறத்தாழ இருவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்திருக்கிறது! மார்க்கச் சட்டத்தில் யத்தீம் என்பவர் பருவமடையும் முன் தந்தையை இழந்த பிள்ளை. தாயை இழந்தவர் என்றோ, வீடற்றவர் என்றோ அதற்குப் பொருளில்லை. நம் இல்லங்களில் நாம் 'அநாதை' என்று அழைத்துவந்த பிள்ளைகளுள் பலருக்குத் தாய் உயிரோடிருக்கிறார். அவரிடம் இல்லாதது அரிசியும் பள்ளிச் செலவும்தான். அவற்றை அவர் வீட்டிற்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குப் பதிலாகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து, ஒரு கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து உணவளிக்கிறோம்.

அந்த ஆண்டு பிள்ளைகள் போன வீடுகள் எப்படிப்பட்டவை? நம் கரையோரத்தில் பல வீடுகள் உப்பளக் கூலிகளின் வீடுகள். விடியுமுன் அளத்திற்குப் புறப்படும் தாய். மழைக்காலம் வந்தால் அந்தக் கூலியும் இல்லை. வகுப்புகள் கைப்பேசியில் நடந்தன. பல வீடுகளில் கைப்பேசியே இல்லை. நானறிந்த இல்லத்திற்கு ஆண்டுதோறும் வந்து போனவர்களுள் ஒருவரேனும் அந்தப் பிள்ளைகளின் வீட்டைத் தேடிச் சென்றதாக நான் கேள்விப்படவில்லை. தொண்டு கட்டடத்தோடு கட்டப்பட்டிருந்தது. பிள்ளை வெளியேறியதும் அது அறுந்துவிட்டது.

ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு முஅத்தா போரில் ஜஅஃபர் (ரழி) ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்கள் அக்குடும்பத்திற்கு உணவு சமைத்தனுப்பச் சொன்னார்கள். வறுமைக்கு அஞ்சிய தாய் அஸ்மா (ரழி) அவர்களிடம், பிள்ளைகளுக்குத் தாமே பொறுப்பாளர் என்று உறுதியளித்தார்கள். உதவி தாயின் வீட்டிற்குச் சென்றது. பிள்ளைகள் தாயிடமே இருந்தார்கள். யத்தீம்களின் பொருளைப் பற்றிய கடும் எச்சரிக்கை இறங்கியபோது, அவர்களைத் தம் வீட்டில் வைத்து வளர்த்த ஸஹாபாக்கள் அஞ்சி, அவர்களுடைய உணவைத் தனியே பிரித்து வைத்தார்கள். மீந்தது கெட்டுப்போனாலும் தொடவில்லை. அப்போதுதான் சூரத்துல் பகராவின் 220-ஆம் வசனம், அவர்கள் உங்கள் சகோதரர்கள், கலந்து வாழலாம் என்று வழிகாட்டியது. ஒரே அடுப்பு, ஒரே சட்டி! நாமோ அந்தச் சட்டியைத் திரும்பவும் இரண்டாக்கி, ஒன்றைக் காப்பகத்தில் வைத்துவிட்டு, ஆண்டிற்கொருமுறை அதில் பிரியாணி நிரப்புகிறோம்.

"அரசு நம் யத்தீம்கானாக்களைக் குறிவைக்கிறது" என்போர் உண்டு. 2014 மே மாதம் வடமாநிலங்களிலிருந்து கேரள இல்லங்களுக்கு வந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பாலக்காடு ரயில் நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட கசப்பை நானும் மறக்கவில்லை. ஆயினும் எல்லா இல்லங்களும் 2017 முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டதைப் பற்றிய வழக்கில் பிறந்தது. அது எந்த மதத்தாரின் இல்லம் என்று பார்க்கவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தீங்கு நேராதிருக்க ஒரு பதிவேடு வேண்டும் என்றால் முதலில் கையெழுத்திட வேண்டியவர்கள் நாமல்லவா?

அரசின் மீதும் எனக்குக் குறையுண்டு. 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்கு நூறு நாள் கெடு வைத்துப் பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்பச் சொன்னது. குடிக்கும் சித்தப்பன் இருக்கிற வீடும் பாட்டி காத்திருக்கிற வீடும் நாள்காட்டிக்கு ஒன்றுதான். வீடே ஆபத்தான பிள்ளைகளுக்கு இல்லம் வேண்டும், அதில் ஐயமில்லை. பேரழிவுகளின்போது இல்லங்கள் உயிர்காத்தன. 1943-இல் மலபாரைக் காலரா வாட்டியபோது திரூரங்காடி யத்தீம்கானா எழுந்தது. நம் மாவட்டத்து நாசரேத்தில் தாது வருடப் பஞ்சத்தின் அநாதைகளுக்கு மர்காஷிஸ் ஐயர் தொழிற்கல்வி கொடுத்தார். ஆனால் பஞ்சத்திற்குத் திறந்த கதவை வறுமைக்கெல்லாம் திறந்துவைத்தது நம் சோம்பல்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்பகத்துப் பிள்ளையின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். "படம் போட்டால்தான் நன்கொடை வருகிறது" என்று நிர்வாகிகள் சொல்வார்கள். வருகிறதுதான். நம் மகன் பசித்து நீட்டிய தட்டைப் பிறர் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பினால் நாம் பொறுப்போமா?

மெய்யான தொண்டிற்கு வேலை இப்போதுதான் குவிந்து கிடக்கிறது. விதவைத் தாயிடம் வளரும் ஏழைப் பிள்ளைக்கு 'மிஷன் வாத்சல்யா' நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் பெற வழியிருக்கிறது. கிராமத்துக் குடும்பமாயின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. வருமானச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டும். அலையும் ஒவ்வொரு நாளும் உப்பளத் தாய்க்கு ஒருநாள் கூலி போகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவராயின் இரண்டு நாள். அந்தக் கூலியை பைத்துல் மாலிலிருந்து கொடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்கு அவருடன் சென்று, விண்ணப்பத்தை நிரப்பி, பணம் வந்து சேரும்வரை மாதந்தோறும் விசாரிக்க மஹல்லாவிற்கு ஒரு சகோதரி போதும்.