கல்லை விடுங்கோ, வயலைப் பாருங்கோ

தோழர்களே,

பிறம்ரன் சிங்குவாகூசி பூங்காவில, இனப்படுகொலை நினைவுத்தூபிக்கு முன்னால குருந்தூர்மலைக்காக ஒரு கவனயீர்ப்புச் செய்வம் எண்டு போன கிழமை கதைச்சம். பதாகையில என்ன எழுதுறது எண்டதிலதான் இழுபறி. "ஆதிச் சிவன் கோயில், எங்கட சொத்து" எண்டு எழுதச் சொல்லிச்சினம். நான் ஒத்துக்கொள்ளேல்லை. காரணத்தை இங்க எழுதுறன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். 2021 சனவரியில் இராஜாங்க அமைச்சர் விதுர விக்கிரமநாயக்க முன்னிலையில், படையினர் சூழ, மலையில் தொல்லியல் அகழ்வு தொடங்கியது. பிறகு விகாரை எழும்பியது. 2022 இல் முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டுமானத்தை நிறுத்தச் சொன்னது, வேலை நிக்கேல்லை. வழக்கை விசாரித்த நீதிபதி ரி. சரவணராஜா 2023 செப்டம்பரில், உயிருக்கு அச்சுறுத்தல் எண்டு சொல்லிப் பதவி விலகி, நாட்டை விட்டே போனார். மலையைச் சுற்றின தண்ணிமுறிப்பு வயல்களுக்குள்ளயும் தொல்லியல் திணைக்களம் எல்லைக்கல் போட்டிருக்கு. 1984 இல் துரத்தப்பட்ட சனத்தின்ர வயல்கள் அவை.

இதுக்குச் சிவலிங்கத்தைக் காட்டிப் பதில் சொன்னால், அரசின்ர விதியை நாங்களே ஏற்றுக்கொள்ளுறம்: ஆரின்ர கல் பழசோ, அவைக்கே நிலம். கந்தரோடையில பௌத்தத் தூபிகள் இருக்கு. தமிழர் பௌத்தராயும் இருந்தவை. மணிமேகலை தமிழ்க் காப்பியம்தானே. குருந்தூர்மலையிலயும் பழைய பௌத்த இடிபாடு இருக்கட்டுமே. அதுக்காக வயலை எழுதிக் குடுப்பியளோ?

கிழக்கையும் பாருங்கோ. 2020 இல் கோட்டாபய அமைச்ச தொல்லியல் செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளர் தலைவர். தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ அதில இல்லை. பொத்துவில் முகுது மகா விகாரையடியில முஸ்லிம் சனத்தின்ர காணிக்கும் இதே கதிதான். சிவன் கோயில் பதாகைக்குக் கீழ அவை எங்க நிக்கிறது?

"எங்கட சொத்து" எண்டதில இன்னொரு பொய்யும் ஒளிச்சிருக்கு. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் கதவு ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்துக்குப் பூட்டிக் கிடந்தது. திறக்கச் சொல்லித் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் போராடினது. வாசலில் மறிச்சு நிண்டது சிங்கள இராணுவம் இல்லை; முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். பிறகு அதே கோயில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போனதும், அது எல்லாருக்கும் 'எங்கட' கோயிலாயிட்டுது. இரண்டு பூட்டையும் சேர்த்துச் சொல்லாட்டில் நாங்கள் இடதுசாரிகள் இல்லை.

கும்பிடுற சனத்தின்ர உரிமையைக் காப்பாத்துவம். கோயிலை இடிச்சால் எதிர்ப்பம். ஆனால் கோரிக்கை காணியில தொடங்கவேணும்: எல்லைக்கல்லை எடு, வயலைத் திருப்பிக் குடு, நீதிமன்றக் கட்டளைக்கு அடங்கு, தொல்லியலில இருந்து படையை விலக்கு.

நாங்கள் கூடப்போற தூபியையே பாருங்கோ. 2021 சனவரியில யாழ் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடிரவா இடிச்சாப் பிறகுதான் பிறம்ரன் நகரசபை இதுக்கு வாக்களிச்சது; திறந்தது 2025 மேயில. அதில பழமை ஒண்டும் இல்லை. எண்டாலும் அது எங்கட எண்டதுக்கு ஆரும் ஆதாரம் தோண்டிக் காட்டத் தேவையில்லை.

பதாகைக்கு என்ர வரி: தண்ணிமுறிப்பு வயல் உழுத சனத்துக்கே.