கல்வெட்டுத் தானே பேசுமா?

"வரலாற்றுக்குச் சான்று போதும்; சிந்தனைப் பள்ளிகள் வேண்டா" என்னும் கூற்று எம்மிடையே அடிக்கடி கேட்கப்படுகின்றது. தேசியவாதம், மாக்சியம் முதலியன உண்மையைத் திரிப்பன என்றும், கல்வெட்டைப் படித்து உள்ளதை உள்ளவாறு உரைப்பதே நேர்மையான ஆய்வு என்றும் சொல்லப்படுகின்றது. கேட்பதற்கு இனிய இக்கூற்று அடிப்படையிலேயே பிழையானது. தனக்கு நோக்கு எதுவும் இல்லை என்பவன் தன் நோக்கினை ஆராயாது விட்டவனேயாவான்.

சோழர் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அந்நியராட்சியின்கீழ்த் தன்னாட்சித் தகுதியை நிறுவ வேண்டியிருந்த தலைமுறையினர் அவற்றிலே பண்டைய மக்களாட்சியைக் கண்டனர். ஆயின், தெரிவுக்குரியவர் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையவராதல் வேண்டும் என்பதும் அக்கல்லிலேதான் உள்ளது. அது பிராமணர் சபை. அந்நிலத்தை உழுதவனுக்கு அக்குடத்தில் ஓலை இல்லை. கல் எதையும் மறைக்கவில்லை; பெருமையுரைகளே அவ்வரிகளைப் பின்னொதுக்கின. உழுதவன் யார், உடையவன் யார் என்ற வினாவை முன்வைக்கக் கற்பித்தது மாக்சியப் பள்ளியாகும்.

அவ்வாறாயின், ஒரு பள்ளியைச் சார்ந்துவிட்டாற் போதுமா? போதாது. இந்தியக் கிராமம் மாற்றமறியாதது என 1853இல் மாக்ஸ் எழுதினார். யப்பானிய அறிஞர் நொபொரு கரஷிமா காவிரிக்கரையிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு கிராமங்களின் கல்வெட்டுக்களை 1966இல் ஒப்பிட்டு, முன்னதிலே கூட்டுடைமையும் பிரமதேயமாகிய பின்னதிலே தனியுடைமையும் நிலவியமையைக் காட்டினார். பிற்காலச் சோழர் காலத்தில் தனியுடைமை பெருகியமையையும் பின்னர் எடுத்துக்காட்டினார். மாறாத கிராமம் என்ற கருத்து அங்கே தளர்ந்தது.

நீலகண்ட சாஸ்திரியார் 1930களிலே தீட்டிய வலிமைமிக்க மத்திய ஆட்சி என்னும் சித்திரத்தை பேர்ட்டன் ஸ்ரைன் 1980இல் மறுத்தார். கிழக்கு ஆபிரிக்கச் சமூகமொன்றைக் கொண்டு வகுக்கப்பட்ட கூறாக்க அரசு மாதிரியைக் கையாண்டு, மையப் பகுதிக்கு வெளியே சோழ மன்னனுடைய மேலாண்மை சடங்குநிலையினது என்றார். ஆயின், கரஷிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகியோர் சோழர் கல்வெட்டுப் பெயர்களையெல்லாம் திரட்டி 1978இல் வெளியிட்ட அடைவு, மூவேந்தவேளான் போன்ற பட்டங்களையும் அரச அலுவலரின் பரம்பலையும் ஆராய வழிசெய்தது. ஸ்ரைனின் முடிவு கடுமையாகக் கேள்விக்குள்ளாயிற்று. எனினும், அவர் வினவியிராவிடில் மத்திய ஆட்சி என்பதும் ஐயமின்றி ஏற்கப்பட்டே இருந்திருக்கும். பள்ளியின் பயன் வினாவிலே உள்ளது. அதன் கேடு, விடையை முன்னரே வைத்திருப்பதிலே உள்ளது.

எமது நாட்டில் இது ஏட்டுச் சண்டையன்று. 11ஆம் நூற்றாண்டிலே பொலனறுவையில் நிலவிய சோழராட்சியை ஒருசாரார் ஓரினத்தின் படையெடுப்பெனப் பழிக்கின்றனர். மறுசாரார் ஓரினத்தின் வெற்றியெனப் புகழ்கின்றனர். தாம் எப்பள்ளியையும் சாராதவர் என்றே இருவரும் கருதுகின்றனர். ஆயின், சோழ அரசை இன்றைய தேசிய அரசாகக் கொள்வதில் இருவரும் ஒரே பள்ளியினர்! அக்கருத்து எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அண்மை நூற்றாண்டுகளின் அரசியல் அதனைப் படிப்போரின் கண்ணிலே பொறித்துள்ளது.

எனவே, பள்ளிகளின் பெயர்களைப் பரீட்சைக்காக மனனஞ் செய்வதனாற் பயனில்லை; அவற்றை வெறுத்தொதுக்குவதனாலும் பயனில்லை. ஒவ்வோர் ஆசிரியரிடமும் இரண்டு வினாக்களைக் கேட்டல் வேண்டும். எதனை அறிய இச்சான்றைப் படித்தீர்? எத்தகைய சான்று கிடைப்பின் உமது முடிவைக் கைவிடுவீர்? இரண்டாவது வினாவுக்கு விடையில்லாதவர் எழுதுவது வரலாறன்று, வழக்குரை. அவர் எப்பள்ளியினராயினும், பள்ளியே வேண்டா என்பவராயினும், இது பொருந்தும்.