தாத்தா வீடு மாறவில்லை

திருச்சி நகரின் மக்கள் தொகை 1991-இல் 3,87,223, 2001-இல் 7,52,066. பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்கு! கிராம மக்கள் பிழைப்புத் தேடித் திரண்டு வந்ததே காரணம் என்று என் சமூகப்பணி ஆய்வேட்டில் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். படித்த பேராசிரியர், “நீ ஸ்ரீரங்கத்துக்காரன்தானே?” என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. 1994-இல் திருச்சி மாநகராட்சியானபோது, தனி நகராட்சிகளாயிருந்த ஸ்ரீரங்கமும் பொன்மலையும் அதனுடன் இணைந்தன. என் தாத்தா வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே திருச்சியின் ‘வளர்ச்சி’யில் சேர்ந்துவிட்டார்! எண் மெய், நான் சொன்ன காரணம்தான் பிழை. மாவட்டக் கணக்கிலும் இதே சங்கடம்: 1995-இல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்து போயின.

எல்லையைவிட வரையறை பொல்லாதது. அரசு ஏற்கெனவே அறிவிக்காத ஓரிடத்தை 2011 கணக்கெடுப்பு குடிசைப் பகுதியாகக் கொள்ள, நெருக்கமாக 60, 70 குடும்பங்கள் அல்லது 300 பேராவது அங்கு இருக்க வேண்டும். காவிரிக் கரையோரம் நாற்பதே குடிசைகள் இருந்தால்? அவை பட்டியலில் ஏறா. அந்தப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நாம் உதவிக்குத் திட்டமிட்டால், அந்த நாற்பது வீட்டுக் குழந்தைகளும் விடுபட்டுப் போவார்கள். நூலகத்தில் அட்டவணையைப் பெயர்த்தெழுதும் நண்பர்கள் அதன் அடிக்குறிப்பையும் பெயர்த்தெழுத வேண்டும். பிறகு ஒருமுறை கரைப்பக்கம் நடந்தும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டு நடக்கவில்லை. 2011-இன் எண்ணை எடுத்து ‘இன்றைய திருச்சி’ என்று தலைப்பிடுவதை மட்டும் என்னால் ஒப்ப முடியவில்லை.