முதல் சர்வர் வாங்குமுன்…

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் என் தந்தையார் ஒப்பந்தத் தொழிலாளி. சென்ற ஆண்டு அங்கே, வருகைப் பதிவு ஓடும் சர்வரிலேயே புதிய மென்பொருளைச் சோதித்தார்கள். பதிவு அழிந்தது, அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. “மெஷின் தப்புப் பண்ணுமாடா?” என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. பதில் சொல்ல வேண்டியவனும் நான்தானே!

சொந்தமாக மென்பொருள் எழுத முனையும் சிறு நிறுவனம் தன் முதல் சர்வரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நடுத்தர வணிகக் கணிப்பொறிகளில் 1988-இல் வந்த ஐ.பி.எம். ஏ.எஸ்/400 புகழ்பெற்றது. அதன் வழித்தோன்றலான ‘ஐ.பி.எம். ஐ’ என்னும் இயக்க மென்பொருள் இன்று பவர் வகைப் பொறிகளில் இயங்குகிறது. தரவுத்தளம் அதனுள்ளேயே அடங்கியிருப்பது பெரும் வசதி.

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பொறியை வாங்கிவிடலாமா? கூடாது. 2025-இல் வெளியான 7.6 பதிப்பு, பவர்10-க்கு முந்திய பொறிகளில் ஓடாது. உரிமம் பொறியின் வரிசை எண்ணோடு பிணைந்திருப்பது வழக்கம். அது நம் பெயருக்கு மாறுமா என்று விசாரித்தறிய வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. பவர் பொறியைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கலாம்: ஒன்றில் அன்றாடப் பணி, மற்றொன்றில் சோதனை. குடும்பத்தில் பாகப்பிரிவினை வருத்தம் தரும். கணிப்பொறியிலோ அதுவே பாதுகாப்பு! இரண்டு பகுதிக்கும் போதுமான நினைவகமும் வட்டும் முதலிலேயே வாங்க வேண்டும்.

செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால் அங்கே மிச்சம் பிடித்தால் அது யார் கூலியில் கழியும்? விலைப்பட்டியலைப் பார்ப்பவர்கள் சம்பளப் பட்டியலையும் சற்றே பார்க்கட்டும்!