146,679 பேரின் பெயர்களை எழுத வாருங்கள்

மன்னார், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வாழும் எங்கள் உறவுகளுக்கு,

போர் முடிந்தபின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 ஜனவரியில் மன்னாரில் கூடியபோது, எங்கள் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை தம் குருக்களோடு அதன் முன் போய்ச் சாட்சியம் சொன்னார். அவர் கொண்டுபோனது அரச அலுவலகங்களும் ஐ.நா.வும் எழுதி வைத்திருந்த கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர் என்றது கச்சேரிப் பதிவு. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர் என்றது ஐ.நா. கணக்கு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று விளக்குங்கள் என்பதே அவர் கேட்டது.

இவர்கள் அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் அங்கே கொடுத்த மனுவில் எழுதவில்லை. கேட்டது விளக்கம் மட்டுமே. அதற்குப் பதிலாக 2012 இல் குற்றப் புலனாய்வுத் துறையினர் ஆயரையே தேடி வந்து விசாரித்தார்கள்.

ஆண்டகையின் பணியை அருகிருந்து கண்டவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கு வியப்பாக இருந்திராது. நெடுந்தீவில் 1940 இல் பிறந்து, 1967 இல் குருவானவர். 1992 இல் மன்னார் ஆயரானார். அவர் கையேற்ற மறைமாவட்டத்தை ஊடறுத்தே போர்முனை கிடந்தது. ஒரு பங்கு இராணுவத்திடம், அடுத்த பங்கு புலிகளிடம் என்ற நிலையில், இரு பக்கச் சோதனைச் சாவடிகளையும் கடந்துதான் மேய்ப்புப்பணி நடந்தது. 1999 நவம்பர் 20 இரவு, மடு மாதா திருத்தலத்தின் வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது செல் விழுந்தது. குழந்தைகள் உட்பட நாற்பது பேர் வரை மாண்டார்கள். 2007 ஜனவரி 2 ஆம் திகதி இலுப்பைக்கடவைக்கு அருகே படகுத்துறையில் விமானக் குண்டு விழுந்தபோது, அது கடற்புலிகளின் தளம் என்றது அரசு. ஆண்டகை அந்த இடத்துக்கே போனார். பார்த்துவிட்டு, செத்தவர்கள் பொதுமக்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். மடுவைப் போரற்ற வலயமாக விட்டுவிடுங்கள் என்று இரு தரப்பையும் மன்றாடினார். அது நடக்கவில்லை. 2008 ஏப்ரலில் மாதாவின் திருச்சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நூற்றாண்டுகளாக அடைக்கலம் கொடுத்த தாய்க்கே அடைக்கலம் தேட வேண்டி வந்த அந்த நாளை எங்கள் முதியவர்கள் இன்றும் கண்ணீரோடுதான் சொல்கிறார்கள்.

அவரைப் புலிகளின் ஆள் என்று தெற்கில் பலர் ஏசினார்கள். அந்த ஏச்சோடுதான் அவர் போய்ப் பார்த்தார், எண்ணினார், எழுதிக் கொடுத்தார். 2016 இல் ஓய்வு பெற்று, 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று இறைவனடி சேர்ந்தார். அவருடைய கேள்வி இன்னும் பதிலில்லாமல் கிடக்கிறது.

இதற்கிடையே எண்கள் பெருகின. இறுதிப் போரில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது 2011 இல் ஐ.நா. நிபுணர் குழு. 70,000 க்கு மேற்பட்டோர் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை என்ற நம்பத்தக்க தகவலைக் குறிப்பிட்டது 2012 இல் அதே ஐ.நா.வின் உள்ளக ஆய்வு. அரசு சொல்வது இதிலும் மிகக் குறைவு. எண்ணை எண்ணால் மறுத்துவிடலாம். தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு, படித்த பள்ளிக்கூடம், கடைசியாகக் கண்ட இடம் என்று எழுதிவைத்த ஒரு பிள்ளையை அப்படி மறுக்க முடியாது. ஆண்டகை எண்ணைத் தந்துவிட்டுப் போனார். பெயர்களை எழுத வேண்டியவர்கள் நாங்களும் நீங்களுந்தான்.

ஊருக்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். வீடு வீடாகப் போய் எழுதுவோம். முழுப்பெயரோடு ஊரில் கூப்பிட்ட பெயரையும் எழுதுங்கள். பல பேரை அந்தப் பெயரால்தான் அயலவர்களுக்குத் தெரியும். மாத்தளனிலா, வலைஞர்மடத்திலா, முள்ளிவாய்க்காலிலா, ஓமந்தைச் சாவடியிலா, கடைசியாக எங்கே கண்டது, கூட யார் நின்றது என்று எழுதுங்கள். பிறகு அதைப் பங்கின் திருமுழுக்கு ஏட்டோடும், பள்ளிக்கூட வரவு இடாப்போடும், கடற்றொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் பதிவோடும் ஒப்பிடுவோம். குடும்பமே அழிந்து, சொல்ல ஆளில்லாத வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்காகப் பேச வேண்டியவர்கள் பக்கத்து வீட்டார்தான்.

இந்தக் கொப்பிக்குச் சமயமும் இயக்கமும் கிடையாது. புலிகள் கொண்டுபோய்த் திரும்பாத பிள்ளையின் பெயரும் இதில் வரவேண்டும். 1990 ஒக்டோபரில் புலிகளால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட எங்கள் முஸ்லிம் அயலவர்கள் இழந்ததற்கும் பக்கங்கள் ஒதுக்குங்கள். ஒரு பக்கத்துச் சாவை மட்டும் எழுதினால் அது ஆண்டகையின் வழி ஆகாது.

பயம் இருக்கிறது என்று தெரியும். விசாரணைக்கு வருவார்களோ என்று கேட்கும் தாய்மாரைத் தினமும் காண்கிறோம். வீட்டார் சம்மதிக்காமல் எந்தப் பெயரும் வெளியே போகாது. ஆனால் காத்திருக்க நேரமில்லை. பிள்ளையைத் தேடித் தெருவோரப் பந்தல்களில் இருந்த அம்மாமார், அப்பாமார் பலர் பதில் காணாமலே கண் மூடிவிட்டார்கள். அவர்களோடு சாட்சியமும் போய்விடுகிறது.

இடம்பெயர்ந்தபோது பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்த குடும்ப அட்டை, பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடப் படம், முகாம் பதிவுத் துண்டு எது இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள். கொப்பியோடு வருகிறவர்களுக்குப் பிரதி மட்டும் கொடுங்கள். மூலப் பத்திரத்தை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள், எங்களிடமும் வேண்டாம்.

இங்ஙனம்,
மன்னாரில் வாழும் ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற கிராம அலுவலர்கள், பங்கு மக்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்