பழுது எது, பாட்டு எது?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

இசைக்கு மயங்காதவர் இல்லை என்பர் பெரியோர். ஆனால் ‘ராக் இசை’ என்று சொல்லிப் பாருங்கள், “அது இசையா? வெறும் இரைச்சல் அல்லவா?” என்று கேட்போரே நம்மில் மிகுதி. அதுவும் அரங்கத்தில் ஆயிரம் பேர் கைதட்டிக் கூவும்போது பதிவு செய்யப்பட்ட ராக் இசை என்றால் கேட்கவே வேண்டாம்! கான்வென்ட்டில் படிக்கும் பெண்கள் அதைக் கேட்கலாமா என்று புருவம் உயர்த்துவோரும் உண்டு. கேட்கலாம் என்பதே எங்கள் கருத்து. அது மட்டுமன்று, அந்த இசை எங்களுக்கு ஒரு நல்ல பாடத்தையும் கற்றுத் தந்தது. அதைத் தோழியரோடும் பெற்றோரோடும் அன்பிற்குரிய அருட்சகோதரிகளோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

‘எங்கள்’ என்று சொல்வது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருவரை. அக்காள் பத்தாம் வகுப்பு. தங்கை எட்டாம் வகுப்பு. எங்கள் ஊர் தூத்துக்குடி. தாத்தா கப்பலில் வேலை பார்த்தவர். 1970களில் அவர் வெளிநாட்டுத் துறைமுகங்களிலிருந்து ஒரு ஸ்டீரியோவையும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் கொண்டு வந்தார். ரிக்கார்டு பிளேயர் ஒன்று, ஆம்ப்ளிபயர் ஒன்று, மரப்பெட்டி போன்ற ஸ்பீக்கர்கள் இரண்டு. இவையே அதன் உறுப்புகள். தாத்தா மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் அதைப் போட்டுப் பார்த்தோம். வலப்பக்க ஸ்பீக்கர் பாடியது. இடப்பக்க ஸ்பீக்கர் ஊமையாக நின்றது. ஸ்டீரியோ இசையில் இடப்பக்கத்திற்கு ஒரு பங்கு, வலப்பக்கத்திற்கு ஒரு பங்கு என்று ஒலி பிரித்துத் தரப்படுகிறது. ஒரு பக்கம் ஊமையானால் பாட்டில் பாதி காணாமல் போய்விடும். அப்பா பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “உள்ளே எல்லாம் போய்விட்டது சார், புதிதாக வாங்கிவிடுங்கள்” என்றார். திங்கட்கிழமை பழைய இரும்புக் கடைக்காரர் வந்து எடைக்கு எடுத்துச் செல்வது என்று முடிவாயிற்று.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு மட்டும் எங்களிடம், “உங்க தாத்தா கப்பல்ல இருந்து வந்தா முதல்ல குளிப்பாங்க, அடுத்து இதைத்தான் போடுவாங்க” என்றார்கள். அந்தச் சொல் எங்களைத் தூங்கவிடவில்லை. மறுநாள் காலை, “ஞாயிற்றுக்கிழமை வரை எங்களுக்கு நேரம் கொடுங்கள் அப்பா” என்று கேட்டோம். “கரண்டு விஷயம், பொம்பளப் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது” என்றார் அப்பா. “பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் தொடுவோம். ஆம்ப்ளிபயரின் மூடியைத் திறக்கவே மாட்டோம்” என்று வாக்குக் கொடுத்த பிறகே இசைந்தார். அந்த வாக்கு அவசியமானது. ஆம்ப்ளிபயரின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்து, பிறகே மருந்து தர வேண்டும் என்று வள்ளுவர் நமக்குச் சொல்லவில்லையா? நாங்களும் அந்த முறையைப் பின்பற்றினோம். ஊசி தட்டில் தொடும் இடத்திலிருந்து ஸ்பீக்கர் வரை ஒலி ஒரு பாதையில் செல்கிறது. அந்தப் பாதையில் எந்த இடத்தில் அது நின்றுபோகிறது? இதுவே கேள்வி.

ரிக்கார்டு பிளேயரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குச் சிவப்புத் தலை, வெள்ளைத் தலை என்று இரண்டு வயர்கள் செல்கின்றன. சிவப்பு வலப்பக்கத்திற்கு, வெள்ளை இடப்பக்கத்திற்கு. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அந்த இரண்டையும் இடம் மாற்றிச் செருகினோம். மறுபடியும் தட்டைச் சுழலவிட்டோம். என்ன வியப்பு! இப்போது இடப்பக்க ஸ்பீக்கர் பாடியது, வலப்பக்கம் ஊமையாகிவிட்டது. அப்படியானால் ஸ்பீக்கர் இரண்டும் நலம், ஆம்ப்ளிபயரும் நலம். ஊமைத்தனம் வயரோடு சேர்ந்து இடம் மாறியதால், பழுது ரிக்கார்டு பிளேயரின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஐந்து காசு செலவில்லாமல் பாதி வீட்டைத் தேட வேண்டிய வேலை மிச்சமாயிற்று!

ஊசி பொருத்தப்பட்ட சிறு தலைப்பகுதியை அதன் கைப்பகுதியிலிருந்து திருகிக் கழற்றினோம். ஊசிக்கு அடிபடாமல் அதன் மூடியை முன்பே போட்டிருந்தோம். அத்தலையின் பின்புறம் நான்கு சின்னஞ்சிறு உலோக முனைகள். இடப்பக்க ஒலிக்கு இரண்டு, வலப்பக்க ஒலிக்கு இரண்டு. அவை கன்னங்கரேலென்று கறுத்திருந்தன. கடற்கரை ஊரில் உப்புக் காற்று சும்மா இருக்குமா? பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை உலர்ந்த துணியால் துடைத்தோம். மீண்டும் பொருத்தியதும் இரு பக்கமும் பாடின. எங்கள் தங்கை துள்ளிய துள்ளலில் ஊசியே ஒரு தடம் தாண்டிவிட்டது!

எல்லாம் எங்கள் திறமை என்று பெருமை பேச மாட்டோம். இடையில் நாங்களே இரண்டு பழுதுகளை உண்டாக்கினோம். தூசி துடைக்கும்போது மெல்லிய எர்த் வயரைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்தோம். ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் ஓயாமல் கேட்டது. ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிப் பொருத்தினோம். நடுவிலிருந்து வரவேண்டிய பாடகரின் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் சிதறிற்று, கனத்த தாழ்ந்த ஒலிகளும் மெலிந்தன. எதைத் தொட்ட பிறகு கேடு வந்தது என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்ததும் இரண்டும் சரியாயின. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

இனிமேல்தான் உண்மையான சோதனை வந்தது. தாத்தாவின் பெட்டியில் பழுப்புத் தாள் போன்ற எளிய உறையில் ஒரு தட்டு இருந்தது. ‘தி ஹூ’ என்னும் ஆங்கிலேயக் குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ அது. 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் உணவருந்தும் கூடத்தில் நடந்த நிகழ்ச்சியின் பதிவு. போட்டதும் இசைக்கிடையே ‘படக் படக்’ என்று வெடிக்கும் ஒலி! எங்கள் மகிழ்ச்சி வடிந்தது. தட்டைத் துடைத்தோம், ஊசியின் தூசியை அகற்றினோம், முனைகளை மறுபடி தேய்த்தோம். பயனில்லை. வேறொரு தட்டைப் போட்டால் அந்த ஒலி இல்லை. இதைப் போட்டால் இருக்கிறது. கடைசியில் தட்டின் நடுவே ஒட்டியிருந்த வட்டத்தாளைப் படித்தோம். அதில் கையெழுத்தாக ஒரு குறிப்பு: இந்த வெடிப்பொலிகள் இருப்பவைதாம், இவற்றைத் திருத்த வேண்டாம் என்று!

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு தேடிப் படித்தபோது, ஒலிப்பதிவின்போது நேர்ந்த கோளாறினால் அந்த ஒலிகள் நாடாவிலேயே பதிந்துவிட்டன என்று அறிந்தோம். 1995இல் அதைக் குறுந்தட்டாக மீண்டும் வெளியிட்டபோது கணிப்பொறியின் உதவியால் அவற்றைப் பெரிதும் நீக்கிவிட்டார்கள். ஆனால் 1970இல் அவர்கள் குறையை மறைக்கவில்லை. குறை இருக்கிறது என்று தட்டிலேயே எழுதி, உள்ளது உள்ளபடி மக்களிடம் கொடுத்தார்கள். என்னே அந்த நேர்மை!

இங்கேதான் எங்கள் கருத்தின் உயிர்நாடி இருக்கிறது. எங்கள் ஸ்டீரியோவின் ஊமைத்தனம் திருத்த வேண்டிய குறை. தட்டில் பதிந்திருந்த வெடிப்பொலியோ அந்த நாளின் தழும்பு. இரண்டையும் பிரித்தறியாமல் திருத்தப் புறப்பட்டால் நல்ல பொருளைக் கெடுத்துவிடுவோம். பிரித்தறியாமல் வெறுத்தால் நல்ல பொருளை எடைக்குப் போட்டுவிடுவோம்.

நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளை நாங்கள் விரும்புவதும் இதனால்தான். ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடினால், தவறு நேர்ந்தால் மீண்டும் பாடலாம். மேடையில் அப்படி முடியுமா? நம் பாடற்குழுவில் பாடும் தோழியரைக் கேளுங்கள்! ஒத்திகையில் பாடுவது வேறு; கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில், நிறைந்த ஆலயத்தில், எங்கோ ஒரு குழந்தை அழ, பாடுவது வேறு. அந்த அழுகையை நீக்கிவிட்டால் அது அந்த இரவாக இராது.

தாத்தாவின் பெட்டியில் இருந்த இன்னும் இரண்டைச் சொல்கிறோம். 1972 ஆகஸ்டில் ‘டீப் பர்ப்பிள்’ குழு ஜப்பானின் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நிகழ்த்தியவற்றின் பதிவு ‘மேட் இன் ஜப்பான்’. இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள். பாடல்களோ ஏழே ஏழு! ஒரு பாட்டு ஒரு முழுப் பக்கத்தையே எடுத்துக்கொள்கிறது. நம் கச்சேரிகளில் வித்துவான் ஒரு ராகத்தை விரித்துச் செல்வதுபோல், கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்து, கேட்டு, அந்தக் கணத்திலேயே இசையை வளர்க்கிறார்கள். இரு ஸ்பீக்கர்களும் பாடும்போதுதான் அந்த உரையாடல் நன்றாக விளங்குகிறது.

மற்றொன்று, 1971 ஆகஸ்ட் 1ஆம் நாள் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசனும் நம் நாட்டுப் பண்டிட் ரவிசங்கரும் முன்னின்று நடத்திய ‘பங்களாதேஷ் இசை நிகழ்ச்சி’. புயலாலும் போராலும் வீடிழந்து அகதிகளான மக்களுக்கு உதவி திரட்டுவதே அதன் நோக்கம். மூன்று தட்டுகளில் முதற்பக்கம் முழுவதும் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் வாசித்தது. அவர்கள் முதலில் சுருதி சேர்த்ததைப் பாட்டென்று எண்ணிக் கூட்டம் கைதட்டிற்று. ரவிசங்கர் கோபிக்கவில்லை, சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசித்த நீங்கள் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்ற பொருள்பட நகைச்சுவையாகச் சொன்னார். அந்தக் கைதட்டலும் அந்தச் சொல்லும் தட்டில் அப்படியே இருக்கின்றன. ‘ராக் இசை’ என்றாலே தீது என்போர் இந்தத் தட்டைக் கேட்க வேண்டும். பசித்தோருக்கு உணவளிக்கப் பாடியதும் அதே கிட்டார்தானே!

ராக் இசை அனைத்தும் நல்லது என்று நாங்கள் வாதாட வரவில்லை. சில பாடல்களின் சொற்கள் நமக்கு ஏற்றவை அல்ல. அவற்றை நாங்கள் போடுவதில்லை. உரத்த ஒலி காதுக்குக் கேடு என்பதும் உண்மை. ‘தி ஹூ’ குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டே, இரைச்சலால் தம் செவித்திறன் கெட்டது பற்றி வெளிப்படையாகப் பேசியவர். ஆகவே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும் அளவுக்கே வைக்கிறோம். படிக்கும் நேரத்திலும் செபமாலை நேரத்திலும் பெட்டி மூடியே இருக்கும்.

திங்கட்கிழமை இரும்புக் கடைக்காரர் வந்தார். அப்பா எங்களைப் பார்த்தார். பிறகு ஓடாத பழைய மின்விசிறியை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்! அன்று மாலை பாட்டி தம் நாற்காலியை இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே தாமே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. தட்டு முடிந்து கைதட்டல் ஓயும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்புத் தோழியரே! ஒரு பொருள் பழுதானால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். எங்கே பழுது என்று தேடுங்கள். மதிப்பிற்குரிய பெற்றோரே! பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, உங்கள் மகளின் கையில் ஒரு திருப்புளியைக் கொடுத்துப் பாருங்கள். அன்பிற்குரிய சகோதரிகளே! நம் பள்ளியின் சாமான் அறையில் ஊமையாகிக் கிடக்கும் ஒலிபெருக்கிகளையும் டேப் ரிக்கார்டர்களையும் எங்கள் இயற்பியல் ஆசிரியையின் மேற்பார்வையில் அறிவியல் கழகத்திடம் ஒருமுறை ஒப்படையுங்கள். எல்லாவற்றையும் பாட வைப்போம் என்று உறுதி கூற மாட்டோம். எது பழுது, எது பாட்டு என்று கண்டறிந்து சொல்வோம். அந்த அறிவே கல்வியின் முதற்படி அல்லவா?