எட்டு மணி நேரப் பகல்

ஆடித் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே இன்னொரு விளம்பரமும் இப்போதே தலைகாட்டத் தொடங்கிவிட்டது. ‘அரையாண்டு விடுமுறையில் ஐரோப்பா: பத்து நாட்கள், ஏழு நாடுகள்’. ஈபிள் கோபுரம், ஆல்ப்ஸ் மலை, வெனிஸ் படகு மூன்றும் ஒரே படத்தில் நிற்கின்றன. கூடவே மாதத் தவணை வசதி. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது பனியைக் காட்டிவிட வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் பெருகியிருக்கின்றன. நல்ல ஆசை. ஆனால், முன்பணம் கட்டுவதற்கு முன்பு அவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தத் திட்டம் யாருடைய அளவுக்குத் தைக்கப்பட்டிருக்கிறது?

நான்கு வயதுக் குழந்தையின் அளவுக்கு நிச்சயமாக இல்லை.

முதலில் வெளிச்சத்தைக் கணக்கிடுவோம். டிசம்பர் கடைசியில் சென்னையில் பகல் பதினொன்றேகால் மணி நேரத்துக்கும் கூடுதலாக இருக்கிறது. அதே நாளில் பாரிஸில் எட்டேகால் மணி நேரம். லண்டனில் எட்டுக்கும் குறைவு. பாரிஸில் சூரியன் எழும்போது காலை எட்டரை தாண்டிவிடும். மாலை ஐந்துக்குள் மறைந்துவிடும். கிறிஸ்துமஸ் தாத்தாவின் கிராமம் என்று பெயர்பெற்ற பின்லாந்தின் ரோவனியெமியில் சூரியன் தலைகாட்டுவது ஏறக்குறைய இரண்டே மணி நேரம். நார்வேயின் ட்ரோம்ஸோவில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை.

அடுத்தது, பிள்ளையின் உடம்புக்குள் ஓடும் கடிகாரம். மத்திய ஐரோப்பா குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. வீட்டில் காலை ஆறரைக்கு எழும் குழந்தை, அங்கே நள்ளிரவு இரண்டுக்கே கண் விழித்து விளையாடக் கூப்பிடும். இங்கே இரவு எட்டுக்குத் தூங்கும் பிள்ளைக்கு அங்கே பிற்பகல் மூன்றரைக்கே கண் சொக்கும். இது சீராவதற்கு மூன்று நான்கு நாட்களாவது பிடிக்கும். ஏழு நாட்டுத் திட்டத்தில் அதற்குள் மூன்று விடுதி மாறியிருப்போம். குழந்தைக்கு அந்தப் பயணத்தில் மிஞ்சுவது இருட்டிய பேருந்து ஜன்னலும், பெட்டி கட்டும் அவசரமும், அம்மா அப்பாவின் அதட்டலும்தான்.

அதனால் நாம் சொல்ல வருவது இதுதான்: சிறு பிள்ளைகளோடு குளிர்காலத்தில் போகிறவர்கள் இரண்டு ஊர்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாளில் ஒரே ஒரு பெரிய காரியம். அதையும் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

அப்படியும் நிறைவான பயணம் சாத்தியமா? வியன்னாவை எடுத்துக்கொள்வோம். 1752-ல் தொடங்கி இன்றுவரை இயங்கிவரும் ஷோன்ப்ரூன் உயிரியல் பூங்கா அங்கே இருக்கிறது. உலகில் இப்போதும் இயங்கும் பூங்காக்களில் அதுவே மிகப் பழையது. டைனோசர் எலும்புக்கூடுகள் நிற்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது. குலுக்கினால் பனி பெய்யும் கண்ணாடி உருண்டையை நம் வீட்டு அலமாரிகளிலும் பார்த்திருப்போம். 1900 வாக்கில் அறுவைசிகிச்சை விளக்கின் ஒளியைக் கூட்ட வழி தேடிக்கொண்டிருந்த எர்வின் பெர்ஸி என்ற வியன்னாக்காரரின் கையில் தற்செயலாகப் பிறந்தது அது. அவருடைய குடும்பம் அதே நகரத்தில் இன்றும் அதைச் செய்கிறது; பிள்ளைகள் போய்ப் பார்க்கலாம். நிஜப் பனிக்கு ஒரு நாள் ஒதுக்கி, 1854-ல் திறக்கப்பட்ட மலை ரயில் பாதையில் செம்மெரிங் வரை சென்று சறுக்குவண்டியில் விளையாடிவிட்டு மாலைக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். பிறகு ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் சால்ஸ்பர்க். ஆஸ்திரிய ரயிலில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. இரண்டே ஊர், பத்து நாளும் நிறைந்துவிடும்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்ட்ரோலரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வியன்னாவின் சுரங்க ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. பாரிஸின் பழைய மெட்ரோ பாதைகளில் பெரும்பாலும் படிக்கட்டுதான். தூங்கும் பிள்ளையையும் வண்டியையும் சேர்த்துத் தூக்க வேண்டும். பனி பார்க்க என்றே பாரிஸுக்கும் லண்டனுக்கும் போகிறவர்கள் ஏமாறவும் கூடும். டிசம்பரில் அங்கே பெரும்பாலும் தூறலும் ஈரக்காற்றும்தான். பனிக்கு ஆல்ப்ஸ் மலை ஊர்களே நல்ல இடம். ஆனால் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் போன்ற இடங்களில் காற்றே மெல்லியது. கைக்குழந்தையோடு அங்கே ஏறுவதற்கு முன்பு குழந்தைகள் நல மருத்துவரைக் கேட்பது அவசியம். கீழே அடிவார கிராமத்தில் கிடைக்கும் பனியே பிள்ளைக்குப் போதும்.

தேதி இன்னொரு சிக்கல். நம் பள்ளிகள் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் விடுமுறை விடுகின்றன. ஜெர்மனியின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் சந்தைகளோ பெரும்பாலும் டிசம்பர் 23, 24-லேயே முடிந்துவிடும். 25-ம் தேதி நியூரம்பர்க்கில் போய் இறங்குகிறவர்கள் பார்ப்பது, பிரித்து அடுக்கிய கடைகளைத்தான். வியன்னாவில் ஷோன்ப்ரூன் அரண்மனை முன்பு கூடும் சந்தை புத்தாண்டைத் தாண்டியும் நடக்கிறது. டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கடைகள் மூடியிருக்கும். 24 மதியத்துக்குள் பாலும் ரொட்டியும் அரிசியும் வாங்கி வைத்துவிட வேண்டும். லண்டனில் 25 அன்று ரயில், பேருந்து எதுவும் ஓடாது.

குளிரைப் பற்றிப் பாட்டிகள் படும் கவலை நியாயமானது. அதற்கு மருந்து ஒரே ஒரு தடித்த கோட்டு என்று நினைப்பதுதான் தவறு. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகி, உடம்பைச் சில்லிட வைத்துவிடும். நடக்கிற நமக்குச் சூடு பிறக்கும். ஸ்ட்ரோலரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பிறக்காது. நமக்குக் குளிரவில்லையே என்று இருந்துவிடாமல் அடிக்கடி அதன் பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். காரில் ஏறும்போது பஞ்சு வைத்த கோட்டைக் கழற்றிவிட்டே பெல்ட் போட வேண்டும். கோட்டு பருமனாக இருந்தால் பெல்ட் பிடிக்காது. ஜெர்மனியில் 12 வயதுக்கும் 150 செ.மீ. உயரத்துக்கும் உட்பட்ட பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம்.

ரசப்பொடியும் பருப்புப்பொடியும் அரிசியும் பெட்டியில் வரட்டும். நெய் வேண்டாம். பால் பொருட்களையும் இறைச்சியையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் பயணிகளை அனுமதிப்பதில்லை. குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு மட்டும் இரண்டு கிலோ வரை விலக்கு உண்டு. விடுதி அறையைவிடச் சமையலறையுள்ள சிறு வீடு உத்தமம். நள்ளிரவு இரண்டுக்கு எழுந்து பசிக்கிறது என்று அழும் பிள்ளைக்கு ஒரு வாய் சூடான ரசம் சாதம் தர முடிந்தால் பாதிப் பயணம் தேறிவிடும்.

இனி காகிதங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள். சில சமயம் 45 நாள் வரைகூட இழுக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே கட்டணமில்லை. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அம்மா அல்லது அப்பா ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துப் போவதானால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும். லண்டனையும் சேர்த்துக்கொண்டால் அதற்குத் தனி விசா. சிறுவர்களின் இந்தியப் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊர் திரும்பிய பிறகும் குறைந்தது மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும். அவசர உதவிக்கு ஐரோப்பா முழுவதும் 112 என்ற ஒரே எண்.

பயண நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களிடம் ஏழு நாட்டுத் திட்டத்தை விற்காதீர்கள். இரண்டு ஊர், சமையலறையுள்ள தங்குமிடம், மாலை நான்குக்கு முடியும் நாள் என்று ஒரு திட்டத்தை வகுத்துக் கொடுங்கள். அடுத்த முறையும் அந்தக் குடும்பம் உங்களையே தேடி வரும்.

ஈபிள் கோபுரம் எங்கும் போய்விடாது. பிள்ளை பெரியவனான பிறகு தானே போய்ப் பார்த்துக்கொள்வான். முதன்முதலாகப் பனியைக் கையில் அள்ளி, அது தண்ணீராவதைப் பார்த்து நிற்கும் நான்கு வயது மட்டும் திரும்பி வராது. அந்தக் குழந்தையை ‘பஸ் கிளம்பிவிட்டது, வா வா’ என்று கையைப் பிடித்து இழுக்கும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று இரவே பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை எடுங்கள். ஏழில் ஐந்தை அடித்துவிடுங்கள்.